காமாலை பிடித்த கண்ணாடி

ஓணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு குமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தைக்குள் நுழைவது புத்திசாலிகள் செய்கிற காரியம் அல்ல. மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே ஒற்றைக்கால் வைக்கத்தான் இடம் இருக்கும். கேரளத்துக்குப் போகிற வண்டிகள் வெளியே உறுமிக்கொண்டு நிற்கும். ஆனாலும் நானும் நண்பரும் போனோம். அவர் குளச்சல் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். என்னைவிடப் பத்து வயது இளையவர். காலை ஏழு மணி, வெயில் இன்னும் கூரைக்கு அடியில் இறங்கவில்லை. பிச்சிப் பூக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர், எடுத்த படத்தைக் காட்டச் சொல்லித் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன மக்களே, என் பிச்சிக்கு மஞ்சள்காமாலையா?"

நண்பர் சிரித்து மழுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழல்விளக்கும் விடியல் வெளிச்சமும் கலந்து கிடக்கிற இடத்தில் தானியங்கி வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியக் கேமரா செய்கிற நிறத் திருத்தம்) படத்துக்குப் படம் நிறத்தை மாற்றும் என்பதால், இருவரும் அதைப் 'பகல் வெளிச்சம்' என்று நிலைநிறுத்தி வைத்திருந்தோம். அதே குவியல், அதே நிழல், அதே அமைப்பு. என் படத்தில் பிச்சி வெள்ளையாக இருந்தது. அவருடைய படத்தில் அது பழைய செய்தித்தாளின் நிறத்தில் இருந்தது.

தன் கேமராவில் மாட்டியிருந்த அந்தப் பழைய லென்ஸை அவர் எட்டு மாதமாகப் பயன்படுத்தி வந்திருந்தார். ஒருநாளும் இப்படித் தெரிந்ததில்லை.

லென்ஸ் வந்த வழி

சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4. (எஃப் எண் சிறிதானால் ஒளி புகும் துளை பெரிது.) நண்பரின் சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தவர். ஜப்பானியத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய அசாகி பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமராவோடு வந்தது இது. உப்புக்காற்றில் கேமரா உடல் துருவேறிப் போய்விட்டது. லென்ஸ் மட்டும் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பழைய கைலியில் சுற்றிக் கிடந்தது. ஸ்பாட்மேட்டிக் 1964-இல் வெளிவந்த கேமரா. அதனோடு முதலில் வந்த 50 எஃப்/1.4-இல் எட்டுக் கண்ணாடிகள் இருந்தன. ஓரிரு ஆண்டில் அதை ஏழு கண்ணாடி வடிவமாக மாற்றிவிட்டார்கள். நண்பருடையது ஏழு கண்ணாடி.

இதைப் புதிய கேமராவில் மாட்டுவது ஒரு கழித்தல் கணக்கு. இந்த லென்ஸைக் கேமராவில் மாட்டும் எம்42 திருகு என்பது 42 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரி இடைவெளியும் கொண்டது. லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. தூரம் வேண்டும். நிக்கானின் எஃப்-மவுண்ட் என்ற லென்ஸ் வாய் கொண்ட பழைய உடல்களில் அந்தத் தூரமே 46.5 மி.மீ.; ஆகவே வெறும் வளையத்தைப் போட்டு எம்42 லென்ஸை மாட்டினால் தொலைவில் உள்ள எதுவும் தெளிவாக விழாது. மிரர்லெஸ் உடலில் புரட்டும் கண்ணாடி இல்லை, அதற்கான பெட்டியும் இல்லை. சோனியின் மிரர்லெஸ் வாயான இ-மவுண்டில் தூரம் வெறும் 18 மி.மீ. பாக்கி 27.46 மி.மீ.-க்கு உள்ளே ஒன்றுமே இல்லாத ஓர் உலோக வளையம் போதும். நம் வீட்டுப் பரண்களில் கிடந்த லென்ஸ்களுக்கு மறுபிறவி கிடைத்தது இந்தக் கணக்கால்தான்.

மற்றபடி பழகவேண்டியவை கொஞ்சம்தான். லென்ஸ் பக்கவாட்டில் உள்ள சிறிய நெம்புகோலை 'எம்' பக்கம் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் துளை சுருங்காது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம் என்று கேமராவுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். எஃப்/1.4-இல், தெளிந்த இடத்தின் விளிம்பை மின்னவைத்துக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை நம்பக்கூடாது. பெரிதாக்கிப் பார்த்துத்தான் திருக வேண்டும்.

கேமராவே மறைத்த நோய்

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு. கண்ணாடிக்குத்தான் காமாலை, பார்த்தவருக்கோ எல்லாம் வெள்ளை. சித்தப்பா இதே லென்ஸை இன்று தன் பழைய கேமராவில் மாட்டிக் கண்ணை வைத்திருந்தால், ஒளி நேராகக் கண்ணுக்கு வந்திருக்கும். மஞ்சளை அந்த நொடியே பிடித்திருப்பார். மிரர்லெஸ் வியூஃபைண்டரில் நாம் பார்ப்பது சென்சார் வாங்கி, கேமரா திருத்திக் காட்டுகிற படம். தானியங்கி வொயிட் பேலன்ஸ் மஞ்சளைக் கண்டதும், "இவர் குண்டு பல்பு வெளிச்சத்தில் நிற்கிறார் போலும்" என்று முடிவுகட்டி நீலத்தை ஏற்றிவிடுகிறது. திருத்தம் முடிந்த படம் நம் கண்ணுக்கு வருகிறது. இத்தனை பணிவான வேலைக்காரன் வீட்டில் இருந்தால் கூரை ஒழுகுவதுகூடத் தெரியாது.

திரும்பிப் பார்த்தால் தடயங்கள் இல்லாமல் இல்லை. சொத்தவிளைக் கடற்கரையில் எடுத்த படங்களில் கடலின் இருண்ட நீலத்தில் மட்டும் ஒரு கொரகொரப்பு. நீலத்தை மிகையாகப் பெருக்கினால் அதனோடு படத்தின் புள்ளி இரைச்சலும் பெருகத்தானே செய்யும். நான் அதைப் பார்த்துவிட்டு, "ஐஎஸ்ஓ அதிகம் வைத்திருப்பீர்கள்" என்று சொன்னேன். ஐஎஸ்ஓ என்பது சென்சாரின் ஒளியுணர்வு; அதைக் கூட்டினால் இரைச்சலும் கூடும். அவர் வைத்திருந்தது வெறும் 200. சரிபார்க்காமல் சொன்னது என் தவறு. மாலைப் படங்கள் தேவைக்கு மேல் பொன்னிறமாக வந்தன. பார்த்தவர்கள் "பழைய லென்ஸின் குணம்" என்று புகழ்ந்தார்கள். இந்தக் 'குணம்' என்ற சொல்லின்மேல் எனக்கு நெடுநாளாகக் கோபம் உண்டு. பூஞ்சை, சிதைந்த பசை, அச்சு விலகிய கண்ணாடி எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லில் சுருட்டி வைத்துவிடுகிறார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்த மஞ்சள் உண்மையாகவே நன்மை செய்திருக்கிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தார். வானம் நன்றாக இருண்டு, மேகம் திரண்டு, தூண்கள் வெளிறி நின்றன. ஃபிலிம் காலத்தில் இதற்காகவே மஞ்சள் ஃபில்டரைக் காசு கொடுத்து வாங்கி மாட்டினார்கள். இவருக்கு அது லென்ஸுக்குள்ளேயே இருந்தது.

தப்பாகப் போன வைத்தியம்

சந்தையிலிருந்து திரும்பியதும் முதலில் அடாப்டரை, அதாவது அந்த உலோக வளையத்தை, சந்தேகித்தோம். உள்ளே கண்ணாடியே இல்லாத வளையம் எப்படி நிறம் ஏற்றும்? அந்தச் சந்தேகம் தேநீர் ஆறுவதற்குள் தீர்ந்தது. அடுத்து நண்பர் லென்ஸின் முன்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்து, உள்ளே ஊதாவும் செம்மஞ்சளுமாகப் பிரதிபலிப்பு தெரிகிறது, மேற்பூச்சு கெட்டுவிட்டது என்றார். பூச்சின் நிறம் என்பது கண்ணாடி திருப்பி அனுப்புகிற ஒளியின் நிறம். படத்தை மஞ்சளாக்குவது உள்ளே கடந்து போகிற ஒளி. இரண்டும் வேறு. இதை நான் அன்றைக்கே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லாததால் லென்ஸ் ஒரு பழுதுபார்ப்புக் கடைக்குப் போனது. எந்த ஊர், எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். பூஞ்சை என்று சொல்லித் திறந்தார்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் கடலும் சொந்தம். பூஞ்சை என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். முன்கண்ணாடியின் விளிம்பில் நூலிழை போல் கொஞ்சம் இருந்ததும் உண்மைதான். துடைத்துப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். முன்வளையத்தில் ஒரு புதுக் கீறல், ஃபோகஸ் வளையம் மிகத் தொலைவைக் காட்டும் முடிவிலிக் குறியைத் தொடும் முன்பே தொலைவு தெளிந்துவிடுகிறது, மஞ்சள் அப்படியே இருக்கிறது. கன்னியாகுமரிக் கரையில் நின்று திருவள்ளுவர் சிலையின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் முடிவிலியை மறுபடி சரிசெய்தோம்.

வெள்ளைத் தாள் சோதனை

பத்து நிமிட வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

வடக்குப் பார்த்த சன்னலோரம், நேரடி வெயில் படாத மேசை, ஒரு வெள்ளைத் தாள். அதன்மேல் டாக்குமாரையும், கேமராவோடு வந்த சாதாரண ஜூம் லென்ஸையும் மூடிகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மேலிருந்து பார்த்தால் ஜூம் வழியாகத் தாள் தாளாகவே தெரிந்தது. டாக்குமார் வழியாகத் தெரிந்தது பால் விடாத தேநீர். அழுக்கானால் திட்டுத்திட்டாக இருக்கும், பூஞ்சையானால் கிளை விரிக்கும், பசை பிரிந்தால் விளிம்பில் வானவில் வளையம் தெரியும். இது ஒரே சீராக, சாயம் கலந்ததுபோல, கண்ணாடியின் உடம்பிலேயே இருந்தது.

பிறகு எண்கள். ஒரு சாம்பல்நிற அட்டையை நிழலில் வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப்/4 என்று இரண்டு லென்ஸாலும் எடுத்தோம். தானியங்கி அமைப்பு ஜூமுக்கு 5600 கெல்வின் என்று தேர்ந்தது, டாக்குமாருக்கு 4200. கெல்வின் என்பது ஒளியின் நிற அளவு; எண் குறைந்தால் ஒளி மஞ்சள் என்று பொருள். ஜூமுக்கு ஷட்டர் வேகம் 1/200, டாக்குமாருக்கு 1/125. ஒளியில் மூன்றில் இரண்டு ஸ்டாப்பை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகிற ஒரு படி) கண்ணாடியே விழுங்கிக்கொண்டிருந்தது. எஃப்/1.4 என்று பெருமையாக எழுதியிருக்கும் லென்ஸுக்கு இது சின்ன நட்டம் அல்ல.

மணவாளக்குறிச்சி வரை ஒரு நடை

இந்த ஏழு கண்ணாடி டாக்குமாரின் பின்பக்கக் கண்ணாடியில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தின் ஆக்சைடு கலந்திருக்கிறது. அன்றைய வடிவமைப்பாளர்கள் தெரிந்தே சேர்த்தது அது. தோரியம் கலந்த கண்ணாடி ஒளியை நன்றாக வளைக்கும். அதேசமயம் நிறங்களை அதிகம் பிரிக்காது. வேகமான லென்ஸ் வரைபவருக்கு இந்த இரண்டும் ஒரே கண்ணாடியில் கிடைப்பது வரம். பின்னர் கதிரியக்கம் இல்லாத லாந்தனம் கண்ணாடிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

தோரியமும் அது சிதைந்து பிறக்கும் தனிமங்களும் விடுகிற கதிர்கள் பல பத்தாண்டுகளாகக் கண்ணாடிக்குள் எலக்ட்ரான்களை இடம்பெயர்க்கின்றன. பெயர்ந்தவை கண்ணாடியின் குறைபாட்டுப் பள்ளங்களில் விழுந்து மாட்டிக்கொள்கின்றன. அப்படி மாட்டிக்கொண்ட இடங்கள் நீலத்தையும் ஊதாவையும் உறிஞ்சும். மிஞ்சி வருவது மஞ்சள். அதாவது அது துடைத்து எடுக்கக்கூடிய பொருளே இல்லை. கடைக்காரர் நாள் முழுக்கத் துடைத்திருந்தாலும் போயிருக்காது.

தோரியம் என்று நான் சொன்னதும் நண்பரின் தாயார் அடுக்களையிலிருந்து வெளியே வந்துவிட்டார். அவர் பிறந்தது மணவாளக்குறிச்சிப் பக்கம். அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தோரியத் தாது இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்த் தும்புக் கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்பு. அன்று உலகுக்குத் தோரியம் தேவைப்பட்டது விளக்குக்காக. கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸில் வெள்ளையாக எரியும் மேண்டில் என்ற வலைத்திரி தோரியத்தால் ஆனது. இன்றும் அங்கே பொதுத்துறை மணல் ஆலை இயங்குகிறது. மணல் எடுப்பதை எதிர்த்துக் கடற்கரை ஊர்கள் குரல் கொடுத்துக்கொண்டும் இருக்கின்றன. சித்தப்பாவின் லென்ஸில் உள்ள தோரியம் நம் மணலிலிருந்து போனது என்று கதைகட்ட நான் வரவில்லை. ஆனால் அந்த வட்டாரத்துப் பெண்மணியிடம் இந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது.

"அது பிள்ளைகள் படுக்கிற அறையில் இருக்க வேண்டாம்" என்றார். நியாயமான பேச்சு. கேமராவில் மாட்டிப் படம் எடுக்கும் அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆல்ஃபா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும், மற்றவை தூரம் கூடக்கூடக் குறைந்துவிடும். ஆனால் பின்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பார்ப்பது, தலைமாட்டில் வைத்துத் தூங்குவது, கீறலைப் போக்க உரசி அந்தத் தூளைச் சுவாசிப்பது, இவை மூன்றும் கூடாது. லென்ஸ் அன்றே முன்னறை அலமாரியின் மேல்தட்டுக்குக் குடிபோனது. கதிர்வீச்சை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. லென்ஸின் வகை, சீரான மஞ்சள், பின்னால் வந்த சிகிச்சைக்கு அது பணிந்த விதம், இவற்றை வைத்துத்தான் தோரியம் என்று முடிவு செய்தோம்.

மொட்டைமாடியும் நகப்பூச்சு விளக்கும்

மாட்டிக்கொண்ட எலக்ட்ரான்களை விடுவிக்கப் புற ஊதா ஒளி போதும். வெப்பமும் விடுவிக்கும், ஆனால் கண்ணாடிகளை ஒட்டிய பசையும், துளை இதழ்களின் எண்ணெயும் வெப்பத்தில் கெட்டுவிடும். சூட்டடுப்பில் வைக்கலாமா என்று நண்பர் கேட்டதை இங்கே பதிவுசெய்துவிட்டுக் கடந்து போகிறேன்.

புரட்டாசியில் வெயில் கிடைத்தது. மொட்டைமாடியில் தும்பு மிதியடி ஒன்றைப் போட்டு, அதன்மேல் அலுமினியத் தாள் விரித்து, லென்ஸைப் பின்கண்ணாடி வானம் பார்க்க நிறுத்தினோம். கடந்துபோகும் ஒளியைத் தாள் திருப்பி அனுப்பும் என்பது யோசனை. கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே வைத்தால் நாள் கூடும். வேண்டிய ஒளியில் ஒரு பங்கைச் சன்னலே பிடித்துக்கொள்ளும். தினம் காலை பத்திலிருந்து இரண்டு மணி வரை.

மூன்றாம் நாள் பளபளப்பைக் கண்ட காகம் ஒன்று தாளை இழுத்திருக்கிறது. லென்ஸ் சாய்ந்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் புகை வருகிறது என்று கூப்பிட்டபோதுதான் ஓடினோம். எஃப்/1.4 லென்ஸ் என்பது முதலில் ஒரு பூதக்கண்ணாடி. அதன் குவியம் மிதியடியின் ஓரத்தில் விழுந்து தும்பில் ஐம்பது பைசா அளவுக்குக் கரிந்த குழி. ஷோம்பெர்குக்குத் துப்புக் கொடுத்த அதே தும்பு. வீட்டார் பார்வையில் லென்ஸின் மதிப்பு மேலும் சரிந்தது. அன்றிலிருந்து ஓடு பதித்த இடத்தில், மூன்று பக்கமும் செங்கல் வைத்து, ஆள் பார்வையில் மட்டுமே வெயில்.

பதினொரு நாள் வெயிலில் தேநீர் நிறம் எலுமிச்சைச் சாறாக வெளுத்தது. அதற்குள் ஐப்பசி பிறந்து வானம் மூடிக்கொண்டது. நண்பரின் தங்கை அழகு நிலையம் நடத்துகிறார். நகப்பூச்சை உலர்த்தும் விளக்கில் வேண்டிய புற ஊதா உண்டு. 365, 405 நானோமீட்டர் என்று அதன்மேலேயே அச்சிட்டிருந்தது. குறை ஒன்றுதான்: இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்துவிடும். பொத்தானை அழுத்தும் வேலையை நண்பரின் மகள் ஏற்றுக்கொண்டாள். அழுத்தலுக்கு ஒரு ரூபாய் என்று பேச்சு. இரண்டாம் நாள் மாலையில் கணக்குப் பார்த்த கணக்கு ஆசிரியர், நேரக் கட்டுப்பாடு இல்லாத புற ஊதா எல்இடி விளக்கு ஒன்றை வாங்கிவிட்டார். அதை ஓர் அட்டைப்பெட்டிக்குள் பொருத்தி, வெளியே ஒளி கசியாமல் மூடி, சூடேறுகிறதா என்று மணிக்கொருமுறை தொட்டுப் பார்த்து, மூன்று பகல் மூன்று இரவு.

எவ்வளவு தேறியது

அதே சாம்பல் அட்டை, அதே சன்னல், தெளிந்த ஒரு காலைநேரம். ஜூமுக்கு 5600 கெல்வின் என்றால் டாக்குமாருக்கு 5300. ஷட்டர் வேகம் இரண்டுக்கும் 1/200. இருண்ட நீலத்தில் இருந்த கொரகொரப்பு, ரா கோப்பை, அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பை, பெரிதாக்கித் தேடினால்தான் தெரிகிறது.

எண்களைவிட எனக்குத் திருப்தி தந்தது வேறு. தோவாளையில் மாணிக்க மாலை என்று ஒன்று கட்டுவார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்து, பாய்போலத் தட்டையாக, ரத்தினம் பதித்த மாதிரி வரும். நிறச் சோதனைக்கு இதைவிட நல்ல அட்டையை எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள். ஓணத்தின்போது எடுத்த படத்தில் அதன் வெள்ளை நெய் நிறம், சிவப்பில் செங்கல் சாயல், நொச்சி காய்ந்த இலை. கார்த்திகையில் புதிதாக ஒரு மாலை வாங்கி, அதே 'பகல் வெளிச்சம்' அமைப்பில் எடுத்தோம். மாலை வேறு, வெளிச்சமும் வேறு. ஆகவே இதை அளவுகோலாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளையில் இதழின் நரம்பு தெரிந்தது. பழைய படத்தில் அந்த இடம் வெறும் மஞ்சள் பூச்சாக இருந்தது.

தீராதவையும் உண்டு. பூஞ்சை தின்ற இடத்தில் முன்கண்ணாடியின் பூச்சு போனது போனதுதான். எதிர்வெயிலில் அந்த விளிம்பில் ஒரு மங்கல் விழுகிறது. அதற்குப் புற ஊதா மருந்தில்லை. அரிசிப் பானைக்குள் லென்ஸை வைத்தால் ஈரம் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தவிட்டுத் தூள் ஃபோகஸ் புரிக்குள் போனால் பிறகு அதற்கொரு வைத்தியம் தேட வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும், சிலிக்கா ஜெல்லும், நாற்பதிலிருந்து ஐம்பது விழுக்காட்டுக்குள் முள் நிற்கிற சிறிய ஈரமானியும் போதும் என்று ஏற்பாடு செய்தோம். மஞ்சளும் ஒரேயடியாகப் போய்விடவில்லை. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1400 கோடி ஆண்டு. அது உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். இருட்டு டப்பாவில் கிடக்கும் ஆண்டுகளில் நிறம் மெல்லத் திரும்பி வரும்.

இன்னும் இரண்டு நாள் விளக்கில் வைத்தால் முழுதாக வெளுத்துவிடும் என்றேன். நண்பர் வேண்டாம் என்றுவிட்டார்.

"கொஞ்சம் இருக்கட்டும் அண்ணா. சித்தப்பா முகத்தை இதில் எடுத்தால் நன்றாக இருக்கிறது."

எனக்கு உடன்பாடில்லை. நிறம் வேண்டுமென்றால் படத்தில் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், கண்ணாடியில் வைத்திருப்பானேன்? ஆனால் லென்ஸ் அவருடையது, சித்தப்பாவும் அவருடையவர். வெள்ளைத் தாளின்மேல் வைத்தால் இப்போது இளநீரின் நிறம். பின்மூடிக்குள் ஒரு துண்டுத் தாளில் '5300, 1/200, கார்த்திகை' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். அடுத்த சோதனை ஆனியில், அதே சன்னலோரம்.